ஆவுடைக்குப் பொன்னாடை

புலவர் சொல்லிருவாரா? சொல்ல மாட்டார். சொல்லக் கூடாது என்று, விழாவை நடத்துகிற பாத்திரக்கடைச் சிதம்பரத்திடம் காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொண்டாயிற்று. அவரும், "அதெல்லாம் புலவர்கிட்ட நான் சொல்லிக்கிடுதேன், நீங்க நிம்மதியா வந்து உக்காருங்க" என்று தலையாட்டியாயிற்று. பிறகென்ன? நிம்மதியாக உட்கார வேண்டியதுதானே. மேடையில் வரிசையாகப் போட்டிருந்த நாற்காலிகளில் கடைசி நாற்காலி ஆவுடையம்மாளுக்கு. பிளாஸ்டிக் நாற்காலிக்கு வெள்ளைத் துணியில் சட்டை தைத்து மாட்டி, முதுகில் சிவப்பு ரிப்பன் வேறு கட்டியிருந்தார்கள். பட்டுச்சேலையோடு அதில் உட்கார்ந்தால் வழுக்கிக்கொண்டே போகிறது, பின்னால் நகர்ந்து சாய்ந்தாலோ கால் தரைக்கு எட்டவில்லை. இந்தக் கையை எங்கே வைக்கிறது? மடியில் வைத்தால் சபை மொத்தமும் அதைத்தான் பார்ப்பது மாதிரி இருக்கிறது. முந்தானைக்குள் இழுத்து வைத்துக்கொண்டாள். கீழே சமுதாயக்கூடம் நிறைய ஜனம். நகர் நலக் கழகம் வருசா வருசம் நடத்துகிற விழா. காசு வாங்காமல் ஊருக்கு உழைக்கிறவர்களை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தி, கேடயம் கொடுத்து, போட்டோ எடுத்து அனுப்புவார்கள். முன்வரிசையில், நேர் எதிரே, புருசன் கொம்பையா. பக்கத்தில் மகள் சண்முகவடிவு. அதற்கடுத்து, பச்சைக்கரைப் பட்டும் நெற்றி நிறையக் குங்குமமுமாகச் சுப்புத்தாய், வடிவைப் பெண் கேட்டிருக்கிற மாப்பிள்ளையின் அம்மா. வெளியூர்க்காரி. வருகிற வெள்ளிக்கிழமை நிச்சயம் என்று பேசியிருக்கிறது. அவளுக்குத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான்: இந்த ஊரில் பெண்பிள்ளை யார் செத்தாலும், தொட ஆளில்லை என்றால், குளிப்பாட்டிக் கோடி உடுத்தி அனுப்புகிறது ஆவுடையின் கை. அதற்காகத்தான் இந்தப் பொன்னாடை. அதைச் சொல்லாமல் இதைப் போர்த்த முடியுமா? முடியும், ஏன் முடியாது. பொதுத்தொண்டு என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. அந்த வார்த்தைக்குள்ளே என்ன வேண்டுமானாலும் அடங்கும்.

வாசலில் தெளித்த பன்னீர் இன்னும் கழுத்தில் ஈரமாக இருந்தது. பன்னீரும் சந்தனமும் கலந்த வாடை மற்றவர்களுக்குக் கல்யாண வாடை. ஆவுடைக்கு அது கனகம்மா டீச்சர் வீட்டுப் பின்கட்டு வாடை. அன்றைக்குத் தொட்டதுதானே எல்லாத்துக்கும் ஆரம்பம். ரிட்டயராகித் தனியாகக் கிடந்த டீச்சர், முந்தினநாளே போய்ச் சேர்ந்திருக்கிறாள், மறுநாள் பால்காரர் கதவைத் தட்டித்தான் தெரிகிறது. ஆம்பளைகள் எல்லாம் வாசலில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பொம்பளை உடம்பு, பொம்பளைங்கதான் பாக்கணும் என்று நின்றார்கள். பொம்பளைகள் எல்லாம் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, சொந்தக்காரங்க வரட்டும் என்று நின்றார்கள். ஆவுடை தெருக்குழாய்க்குத் தண்ணீருக்குப் போனவள். நிறைந்த குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். டீச்சரம்மாவின் சேலை முழங்காலுக்கு மேலே ஏறிக் கிடந்தது. எத்தனை மடிப்பு வைத்து, எத்தனை ஊக்கு குத்தி, எவ்வளவு கௌரவமாகப் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்த மனுசி. அந்தச் சேலையைக் கீழே இழுத்துவிடலாம் என்றுதான் உள்ளே போனாள். வேறொன்றும் நினைக்கவில்லை. இழுத்துவிட்டவள் அப்படியே விட்டுவிட்டு வர முடியாமல் இடுப்புக் குடத்தையே சாய்த்துவிட்டாள். அம்புட்டுத்தான். விரல்கள் விறைத்துக் கிடந்தன. கையில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தித் தேய்த்தால் இளகிக்கொடுக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, ஆனால் கொடுத்தது. "கையை மடக்கு தாயி, ஆச்சு, இந்தா முடிஞ்சிட்டு" என்று, பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி வாய் தானாகப் பேசியது. அதற்குப் பிறகு யார் வீட்டில் என்றாலும் ஆள் வந்துவிடும். முன்வாசலுக்கு வர மாட்டார்கள், கொல்லைப்பக்கம் வந்து நின்று, "யக்கா, கொஞ்சம் வாங்கக்கா" என்பார்கள். எதற்கு என்று சொல்ல மாட்டார்கள். சொல்லவும் வேண்டாம்.

அப்படிக் கூப்பிட்ட வீட்டில்தான் வளைகாப்புக்குக் கூப்பிட மாட்டார்கள், காது குத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட மறந்துவிட்டதாகப் பிறகு சொல்வார்கள். அதுவும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். காலையில் நல்ல காரியத்துக்குக் கிளம்பினவர்கள் எதிரே ஆவுடை வந்தால், எதையோ வீட்டில் விட்டுவிட்ட மாதிரி திரும்பி உள்ளே போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வருவார்கள். அவளும் என்ன மண்ணாங்கட்டியா, தெரியாமல் இருக்க? காலை நேரம் என்றால் முடுக்கு வழியாகச் சுற்றிப் போகப் பழகிக்கொண்டாள். போகட்டும், எதற்காக இந்த மேடைக்குச் சம்மதித்தாள்? அதைச் சொல்லு முதலில். கொம்பையா சம்மதித்தார், நான் எங்கே சம்மதித்தேன் என்று கொம்பையாவின் தலையில் போட்டுவிடலாம். ஆனால் நெஞ்சில் கைவைத்துச் சொன்னால், ஆசை அவளுக்குந்தான் இருந்தது. ஒரே ஒரு நாள், இந்தக் கூடத்தில், எல்லாரும் பார்க்க, முன்னால் உட்கார வேண்டும். எத்தனை கல்யாணத்துக்குப் பின்வரிசையில் தூணோரமாக உட்கார்ந்து, முதல் பந்திக்கு எழுந்திருக்காமல், மொய் எழுதிவிட்டு வந்திருக்கிறாள். அந்த ஆசைதான் இப்போது மகளின் கழுத்துக்கு வரவேண்டிய தாலியைப் பிடித்து இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பொன்னாடை கேட்கிறதாக்கும் பொன்னாடை.

மைக்கில் புலவர் ஆறுமுகநயினார் பேசிக்கொண்டிருந்தார். ரிட்டயரான தமிழ் வாத்தியார், கையில் தாள் வைத்துக்கொள்ள மாட்டார், மனசில் வருவதைத்தான் பேசுவார், அதுதான் பயம். முதலில் ரோட்டோரம் வேப்பங்கன்று வைத்துத் தண்ணீர் ஊற்றுகிற சைக்கிள்கடை மூக்காண்டியை எழுப்பி நிறுத்தி, அவர் எந்த ரோட்டில் எந்தக் கன்றை ஆடு தின்றது, அதற்கு அவர் எப்படி முள் வெட்டி வேலி கட்டினார், அந்த ஆடு யாருடையது என்பது வரைக்கும் சொன்னார். ஜனம் சிரித்தது. ஆடு வரைக்கும் சொல்கிற மனுசன் என்னைப் பற்றிப் பொதுத்தொண்டு என்று ஒரு வார்த்தையில் விடுவாரா? விடுவார். சிதம்பரம் சொல்லியிருப்பார். சொல்ல மறந்திருந்தால்? கடையில் ஆள் கூட்டம், நாலு குடத்துக்கு விலை சொல்லிக்கொண்டே தலையாட்டினார், அந்தத் தலையாட்டல் எனக்கா குடம் வாங்க வந்தவளுக்கா? சிதம்பரம் மேடையின் ஓரத்தில் தட்டும் பொன்னாடையுமாக நின்றார். ஆவுடை அவரையே பார்த்தாள், ஒரு தடவை திரும்பட்டும், கண்ணாலேயே கேட்டுவிடலாம் என்று. அவர் திரும்பவேயில்லை. தாசில்தார்தான் சிறப்பு விருந்தினர். மூக்காண்டிக்குப் பொன்னாடை போர்த்திக் கட்டிப்பிடித்துப் போட்டோவுக்கு நின்றார். ஜனம் கை தட்டியது. கொம்பையா எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினார். மோட்டார் காயில் கட்டுகிற கை, தட்டினால் கூடமே அதிரும். அவர் சுப்புத்தாய்ப் பக்கம் குனிந்து என்னமோ சொல்ல, அவள் தலையாட்டினாள். என்ன சொல்லித் தொலைக்கிறார் இந்த மனுசன்?

இந்த மனுசனால்தானே இவ்வளவும். சுப்புத்தாய் பெண் பார்க்க வந்த அன்று, ஆட்டோவை விட்டு இறங்காமல், தெருமுனை வரைக்கும் ஒருதரம் பார்த்து, யாரோ பாத்திரம் கழுவின தண்ணீரை வாசலில் கொட்டுகிறதைப் பார்த்து, அது காயட்டும் என்று காத்திருந்து, அப்புறம் வலது காலை எடுத்து வைத்தவள். காப்பியைக் குடித்துக்கொண்டே, "மதினி வீட்டுலதான் இருக்கியளா, எதும் வேலைக்குப் போறியளா?" என்று கேட்டாள். ஆவுடை வாயைத் திறக்குமுன் கொம்பையா முந்திக்கொண்டார். "ஆஸ்பத்திரியில சேவை செய்யுதா. ஒரு பைசா வாங்க மாட்டா." ஆஸ்பத்திரியாம். பிணவறையும் ஆஸ்பத்திரிக்குள்தானே இருக்கிறது என்று ராத்திரி அதற்கு விளக்கம் வேறு. பொய்யில்லையாம். அதுக்கு முன்னால் வந்த ரெண்டு இடமும் அதனால்தான் தட்டிப்போனது. ஒருத்தி தரகரிடமே சொல்லிவிட்டாளாம்: பொணம் தொடுதவ கையால ஆரத்தி எடுத்தா எம் பிள்ளைக்கு விளங்குமா என்று. சரி, சொல்லாதது சொல்லாததாகவே இருந்திருக்கலாம். இந்த விழா என்றதும், "சம்பந்தியம்மா வந்து பாக்கட்டும்ட்டி, தாசில்தார் கையால உனக்கு மரியாதை நடக்கத பாத்தா அந்தம்மா வாயடைச்சுப் போவா" என்று, கேட்காமல் கொள்ளாமல் போன் போட்டுக் கூப்பிட்டுவிட்டார். எதற்கு மரியாதை என்று யாராவது சொல்லித்தானே ஆகவேண்டும் என்கிற ரோசனை அந்த மண்டைக்குள்ளே போகவில்லை. கூப்பிட்ட பிறகு, போன் வைத்த பிறகு, சாப்பாட்டில் கை வைத்த பிறகுதான் போயிற்று. "ஏட்டி... எதுக்குன்னு சொல்லுவாவல்லா?" என்று தட்டைப் பார்த்துக்கொண்டு கேட்டார் பாருங்கள், அடிக்கவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை.

ரெண்டாவதாக, பள்ளிக்கூட வாசலில் விசிலோடு நின்று பிள்ளைகளை ரோடு தாண்டவிடுகிற ஓய்வுபெற்ற கண்டக்டர். புலவர் அவருடைய விசிலையும் விடவில்லை, அவர் வாயில் அது இல்லாத நேரம் எது என்று சொல்லிச் சிரிக்கவைத்தார். ஆவுடைக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. மேசையில் தண்ணீர் பாட்டில் இருக்கிறது, எடுக்கக் கை வெளியே வரவேண்டும். வேண்டாம். சுப்புத்தாய் இந்தக் கையை ஏற்கெனவே ஒருதரம் உற்றுப் பார்த்தவள். மாப்பிள்ளை வீடு பார்க்கப் போயிருந்தபோது அது. நல்ல வீடு, நல்ல சனம், எல்லாம் பேசி முடித்து, வெற்றிலைத் தட்டை வாங்கிக்கொண்டு எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு ஆவுடை விறுவிறுவென்று தெருவில் இறங்கிவிட்டாள். பின்னாலிருந்து சுப்புத்தாயின் குரல்: "என்ன மதினி, சொல்லாமக் கொள்ளாமப் போறிய?" ஆவுடை நடுத்தெருவில் நின்றாள். துட்டி வீட்டில், சாவு விழுந்த வீட்டில், யாரும் போயிட்டு வாரேன் என்று சொல்ல மாட்டார்கள். வேலை முடிந்ததும், ஊற்றித் தந்த தண்ணீரில் குளித்துவிட்டு, ஈரச்சேலையோடு, ஒரு வார்த்தை பேசாமல், திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். எத்தனை வீட்டிலிருந்து அப்படி இறங்கி வந்திருக்கிறாள்! கால் பழகிவிட்டது, வாய் பழகிவிட்டது. சம்பந்தம் பேசப்போன வீட்டிலும் அப்படியே இறங்கிவிட்டாளே பாவி. "போயிட்டு வாரேன் மதினி, போயிட்டு வாரேன், மறந்துட்டேன்" என்று திரும்பிவந்து சுப்புத்தாயின் கையைப் பிடித்தாள். பிடித்த பிறகு, ஐயோ, எதுக்குப் பிடித்தோம் என்று விட்டாள். சுப்புத்தாய் அந்தக் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வை அன்றிலிருந்து ஆவுடையின் கூடவே சமையல்கட்டிலும் கிணற்றடியிலும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

வடிவு ஏன் இப்படித் தலையைக் குனிந்திருக்கிறாள்? போனைப் பார்க்கிறாள். அந்தப் பையனாகத்தான் இருக்கும், மாரிச்செல்வம். பேசும்போது குரலே வேறாகிவிடுகிறது பிள்ளைக்கு. போன இடங்கள் தட்டிப்போனபோது வடிவுக்கு ஒன்றும் இல்லை, அந்தப் பையன்களின் முகமே அவளுக்கு நினைவிருக்காது. இது அப்படியில்லை. இது தட்டிப்போனால் அவள் வாய்விட்டு ஒன்றும் சொல்ல மாட்டாள், அதுதான் கொடுமை. ரெண்டாவது இடமும் தட்டிப்போன அந்த வாரத்தில் கொல்லைக்கதவைத் தட்டி, யக்கா கொஞ்சம் வாங்க என்று கூப்பிட்டார்கள். ஆவுடை உள்ளேயிருந்தே, "உடம்புக்கு முடியல, வேற ஆளைப் பாருங்க" என்றுவிட்டாள். வந்தவள் போகவில்லை. செருப்புச் சத்தம் கேட்கவில்லை. கதவுக்கு அந்தப்பக்கம் அவள் அழுகிறதா, நிற்கிறதா, தெரியவில்லை. ஆவுடை அரிசியைப் புடைத்துக்கொண்டே இருந்தாள், கல்லே இல்லாத அரிசி. வடிவு அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "எனக்காகவாம்மா போகாம இருக்க?" என்றாள். ஆவுடை முறத்தை இன்னொரு தட்டுத் தட்டினாள். "போம்மா. பாவம், வெயிலா இருக்கு" என்றாள். யாருக்கு வெயில்? வாசலில் நிற்கிறவளுக்கா, அங்கே செத்துக் கிடக்கிறவளுக்கா? கேட்கவில்லை. ஆவுடை முறத்தை வைத்துவிட்டு வந்தவளோடு போய்விட்டாள். அந்தப் பிள்ளைக்கு இப்போது நான் செய்கிற கைம்மாறு இது. எழுந்து போய்விடலாமா? தலை சுற்றுகிறது என்று சொல்லி இறங்கிவிட்டால்? சுப்புத்தாய் அதையும் சகுனம் என்பாள். ஆண்டவனே, கரண்டாவது போகக் கூடாதா? ஒருநாளைக்கு எத்தனை தடவை போகிற கரண்டு, இன்றைக்கென்று மின்விசிறி எல்லாம் மகராசனாகச் சுற்றுகிறது.

ரத்தம் கொடுக்கிற பையனும் முடிந்து, கண்மாயைத் தூர்வாரின விவசாயியும் முடிந்து, "அடுத்ததாக, நமது ஊரின் மகளிர் குலத்துக்கே பெருமை சேர்க்கும்..." என்று புலவர் இழுத்தார். காதுக்குள் என்னமோ அடைத்துக்கொண்டது. ஆவுடை எழுந்து முன்னால் வந்தாள். நடந்து வந்தாளா, யாராவது கொண்டுவந்து நிறுத்தினார்களா, அவளுக்கே தெரியவில்லை. தாசில்தார் பொன்னாடையைப் பிரித்தவர், பிரித்தபடியே நின்று, சிரித்து, ஓரடி பின்னால் நகர்ந்தார். பெண்பிள்ளைக்கு ஆம்பளை பொன்னாடை போர்த்துவது மேடையில் வழக்கமில்லை. நீட்டிக் கையில் கொடுக்கலாம், இல்லை இன்னொரு பெண்ணைவிட்டுப் போர்த்தச் சொல்லலாம். சிதம்பரம் மேடையைப் பார்த்தார், எல்லாம் வேட்டிகள். விழா ஏற்பாடு செய்த கழகத்தில் ஒருத்தருக்குக்கூட இது முன்னாலேயே தோன்றவில்லை. சிதம்பரமே மைக்கை வாங்கி, "மகளிர் யாராவது ஒருத்தங்க மேடைக்கு வாங்கம்மா, அம்மாவுக்குப் பொன்னாடை போர்த்தணும்" என்றார். யாரும் எழுந்திருக்கவில்லை. "வாங்கம்மா, கூச்சப்படாதீங்க." ரெண்டாம் வரிசையில் எண்ணெய்ச்செட்டுக்காரர் மனைவி இருந்தாள். அவள் மாமியாரை முதுகுப் புண்ணோடு குளிப்பாட்டியது ஆவுடை. அவள் குனிந்து பேரனின் சட்டைப் பொத்தானைப் போட்டாள். அதற்குப் பின்னால் பார்சல் சர்வீஸ்காரர் தங்கச்சி; அவள் அம்மாவின் சிக்குப்பிடித்த தலையை ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து பிரித்தது ஆவுடை. அவள் பக்கத்துக்காரியிடம் மணி கேட்டாள். ஒவ்வொரு முகமாகத் திரும்பியது. ஆவுடைக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. இந்த நிசப்தம் ஏன் என்று சுப்புத்தாய் யோசிக்க ஆரம்பித்துவிடுவாளே என்கிற கிலி மட்டும்தான் வந்தது. யாராவது வாங்களேன், தொடக்கூட வேண்டாம், தூக்கித் தோளில் எறிந்துவிட்டுப் போங்களேன். அப்போதுதான் கொம்பையா எழுந்தார். வேண்டாம். உட்காருங்க. ஐயோ, உட்காருங்க. "எங்க சம்பந்தியம்மா வந்திருக்காவ!" என்று, பம்புசெட்டு ஓடுகிற இடத்தில் பேசுகிற குரலில் அறிவித்தார். "அவியளே போடட்டும்!"

சுப்புத்தாய் எழுந்தாள். தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, படியில் ஏறுமுன் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள். மேடையையும் அவள் கோயில் மாதிரி நினைக்கிறவள் போலிருக்கிறது. பட்டும் பூவும் சரசரக்கப் பக்கத்தில் வந்து, தாசில்தார் கையிலிருந்த பொன்னாடையை வாங்கிக்கொண்டு, ஆவுடையைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் ஆவுடைக்கு இன்னும் பயமாகிவிட்டது. புலவர் தொண்டையைச் செருமினார். "ஆவுடையம்மாள் அவர்கள் பொதுத்தொண்டு ஆற்றிவருபவர்." சொல்லிவிட்டார். அவ்வளவுதான். சிதம்பரம் மறக்கவில்லை, மகராசன், அவர் குலம் தழைக்கட்டும். ஆவுடையின் நெஞ்சிலிருந்து மூச்சு இறங்கியது. புலவர் நிறுத்தினார். நிறுத்தியவர் கூடத்தைப் பார்த்தார். முன்னால் உட்கார்ந்திருந்த பெண்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தார். வேண்டாம் ஐயா. போதும். போதும்னு சொல்லுங்களேன் யாராவது. "பொதுத்தொண்டுன்னா என்ன தொண்டு?" என்றார் புலவர். மேடைத் தமிழ் அவர் வாயிலிருந்து கழன்றுவிட்டது. "சொல்லக் கூடாதுன்னு எங்கிட்டச் சொன்னாங்க. நானும் சரின்னுதான் வந்தேன். ஆனா இப்ப ஒரு பொன்னாடையைப் போட இந்த ஊர்ல ஒருத்தி எந்திரிக்கல, பாத்தேன். என் வீட்டுக்காரி போனப்ப மூணுநாள் காய்ச்சல்ல கிடந்த உடம்பு, என் மருமகளே கிட்ட வரல. இந்தம்மாதான் வந்தாங்க. வெந்நீர் வச்சு, மஞ்சள் தேச்சு, தலை சீவி, பொட்டு வச்சு, கல்யாணப்பொண்ணு மாதிரி அனுப்பிவச்சாங்க. உங்க வீட்ல யாருக்கு இவங்க தண்ணி ஊத்தல? கையைத் தூக்குங்க பாப்போம். பொணத்தைக் குளிப்பாட்ட இந்தக் கை வேணும், பொன்னாடை போட மட்டும் உங்க கை கூசுதோ?"

முடிந்தது. எல்லாம் முடிந்தது. மனுசர் நல்லதுக்குத்தான் சொன்னார், நல்லதுக்குச் சொல்லியே நாசமாக்கிவிட்டார். கூடத்தில் ஒரு பிள்ளை மட்டும் பிஸ்கட் பாக்கெட்டைக் கசக்குகிற சத்தம். ஆவுடை வடிவைத்தான் பார்த்தாள். வடிவு போனைக் கவிழ்த்து மடியில் வைத்துவிட்டு நிமிர்ந்து அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கண் நிறைந்து வழிகிறது, துடைக்கவில்லை. கொம்பையா இன்னும் நின்றுகொண்டேயிருந்தார், உட்கார வேண்டும் என்பதே மறந்துவிட்டது அவருக்கு. சுப்புத்தாயின் சிரிப்பு அப்படியே நின்றுபோயிருந்தது. விரித்த பொன்னாடை ரெண்டு கையிலும் தொங்க, அவள் பார்வை இறங்கி ஆவுடையின் கைக்கு வந்தது. முந்தானை எப்போது நழுவியது? கை ரெண்டும் வெளியே கிடந்தன. இப்போது எறிந்துவிட்டுப் போவாள். இல்லை, எறிய மாட்டாள், மரியாதையான மனுசி, தாசில்தாரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கிப் போய்ச் செருப்பை மாட்டுவாள். அந்தச் செருப்பு எந்தப் பக்கம் கிடக்கிறது என்று ஆவுடை ஏனோ தேடினாள். மன்னிச்சிருங்க மதினி, எம் பிள்ளைக்கு இதுல ஒண்ணும் இல்ல, அவ யாரையும் தொட்டவ இல்ல, அவ கை நல்ல கை என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லியிருந்தால் அந்த நிமிசத்தில் தன் கை கெட்ட கை என்று ஊரறிய ஒத்துக்கொண்டதாகியிருக்கும். வாய் வரவில்லை. டீச்சரம்மா, எண்ணெய்ச்செட்டு ஆச்சி, புலவர் சம்சாரம் எல்லாருடைய விரலும் இந்தக் கைக்குள்தான் கடைசியாக மடங்கியது. இது கெட்ட கை என்றால் அவர்களெல்லாம் யார்? ஆவுடை கையை இழுத்துக்கொள்ளவில்லை. இருக்கட்டும், பார்த்துக்கொள்ளட்டும் என்று நின்றாள்.

சுப்புத்தாய் ஓரடி வைத்துக் கிட்டே வந்தாள். பொன்னாடையைத் தோளைச் சுற்றிப் போட்டாள். போட்டவள் கையை எடுக்கவில்லை. "ரெண்டு பேரும் இங்க பாருங்கம்மா" என்றான் போட்டோக்காரன். ரெண்டு பேரும் பார்த்தார்கள். சிரிக்கவில்லை. அவன் முன்னே வந்து, பின்னே போய், கேமராவைத் திருகிக்கொண்டிருந்தான். சுப்புத்தாய் கேமராவைப் பார்த்தபடியே, உதடு அசையாமல், ஆவுடைக்கு மட்டும் கேட்கிற குரலில், "மதினி" என்றாள். சொல்லப்போகிறாள். வெள்ளிக்கிழமை வேண்டாம் என்று சொல்லப்போகிறாள். இங்கேயே வேண்டாமே, வீட்டுக்கு வந்து சொல்லக் கூடாதா, பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது. "சொல்லுங்க" என்றாள் ஆவுடை.

"எனக்கு மூணும் ஆம்பளப் பிள்ளையள். கூடப் பொறந்தவளும் கிடையாது. கொரோனா சமயத்துல எங்கம்மையைப் பிளாஸ்டிக்ல சுத்தி, முகத்தைக் கூடக் காட்டாம கொண்டுபோயிட்டாவ. ஒரு செம்புத் தண்ணி யாரும் ஊத்தல. அதுல இருந்து எனக்குச் சாவு பயமில்ல மதினி, அந்தக் குளிப்பு கிடைக்காமப் போயிருமோன்னுதான் பயம்." பொன்னாடையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள். "சம்பந்தக்காரி தண்ணி ஊத்தலாமா? முறையில இடம் இருக்கா?"

ஆவுடைக்கு முதலில் விளங்கவில்லை. சம்பந்தக்காரி என்றாள். அப்படியென்றால் வெள்ளிக்கிழமை இருக்கிறது. இத்தனை வருசத்தில் எத்தனையோ பேர் வந்து கூப்பிட்டிருக்கிறார்கள். எல்லாரும் வேறொருத்திக்காக, அவள் செத்த பிறகு, கொல்லைக்கதவைத் தட்டித்தான் கூப்பிட்டார்கள். உயிரோடு இருக்கிற ஒருத்தி, பட்டுடுத்திப் பூ வைத்துக்கொண்டு, ஊர் பார்க்க மேடையேறி, தனக்காக அவளைக் கேட்டது இதுதான் முதல் தடவை. அழுகை பொங்கிக்கொண்டு வந்தது, அதோடு சிரிப்பும் வந்து தொலைத்தது.

"அதுக்கு ரொம்பக் காலம் கிடக்கு மதினி" என்றாள் ஆவுடை. "முதல்ல பிள்ளையள் கல்யாணத்தை நடத்துவோம்."

"நடத்துவோம். அதுக்கு நான் மறுப்புச் சொல்லலையே." சுப்புத்தாயின் விரல்கள் தோளிலிருந்து இறங்கி ஆவுடையின் கையைத் தேடிப் பிடித்தன. "நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"ஊத்துதேன்" என்றாள் ஆவுடை.